வீட்டில் தமிழ் பேசிய கன்னட எழுத்தாளர் யாருடையவர்?

பெங்களூருக்கு வேலைக்கு வந்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், ஏ.கே. ராமானுஜன், ஆர்.கே. நாராயண் மூவருமே வீட்டில் தமிழ் பேசியவர்கள். அயர்லாந்து மாதிரி ஒரு சின்ன நாடு, ஊரை விட்டே போன எழுத்தாளரைக்கூட விடாமல் எங்கள் ஆள் என்று கொண்டாடுகிறது. நாம் மட்டும் இந்த மூவரையும் நம்மவர்கள் என்று சொல்லிக்கொள்ளாமல் இருப்பது தன்னடக்கமா, ஏமாளித்தனமா? கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதற்குள்ளே இன்னொரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது. ஒரு எழுத்தாளர் 'நம்மவர்' ஆவது எதனால்? பிறந்த ஊரா, வீட்டு மொழியா, எழுதிய மொழியா, பாஸ்போர்ட்டா, வாசிக்கிறவர்களா? இதற்கு ஒரு பதில் வைத்துக்கொள்ளாமல் அடக்கமா அலட்சியமா என்று பேச ஆரம்பித்தால் பேச்சு எங்கேயும் போய்ச் சேராது.

நான் பெங்களூரில் நூலகராக இருப்பவன். இலக்கிய விமர்சகன் இல்லை, யார் பெரிய எழுத்தாளர் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையும் இல்லை. ஆனால் ஒரு புத்தகம் எந்த அலமாரியில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் என் தினப்படி வேலை, அதனால் இந்தக் கேள்வி எங்கள் மேசைக்கு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலான நூலகங்களில் பயன்படும் டூயி பகுப்பு முறையில் இலக்கியத்துக்கு எண் போடும்போது முதலில் பார்ப்பது அது எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதை. தமிழ் இலக்கியம் 894.811, கன்னடம் 894.814, ஆங்கிலப் புனைகதை 823. எழுதியவர் வீட்டில் என்ன பேசினார், எந்தச் சாதி, எந்த ஊர் என்றெல்லாம் அந்த எண் கேட்பதில்லை. மாஸ்தி கன்னடத்தில் எழுதினார், 894.814க்குப் போகிறார். நாராயண் 823க்குப் போகிறார். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக இருந்து, கடைசிக் காலத்தை இதே பெங்களூரில் கழித்து 1972இல் இங்கேயே மறைந்த எஸ்.ஆர். ரங்கநாதன் தனியாக ஒரு பகுப்பு முறையை 1933இல் வெளியிட்டார். அதிலும் இலக்கியத்துக்கு முதலில் மொழி, அப்புறம் வடிவம், அப்புறம் எழுத்தாளர். எழுத்தாளரைக் குறிப்பதும் அவர் பிறந்த ஆண்டை வைத்துத்தான். நாடு என்று ஒரு இடமே அதில் கிடையாது. இந்தத் துறையில் இந்தியா உலகத்துக்குக் கொடுத்த மிகப் பெரிய மூளை அவருடையது, அவர் இப்படி முடிவு செய்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நீங்கள் சொன்ன மூவரில் ராமானுஜனை மட்டும் எடுத்துக்கொண்டு அலமாரி அலமாரியாக நடந்து பாருங்கள், விஷயம் எவ்வளவு சுவாரஸ்யமானது என்று தெரியும். மொழிபெயர்ப்புகளை மூல மொழியோடுதான் வைப்போம். ஆகவே அவர் 1967இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த குறுந்தொகைப் பாடல்கள் தமிழ் அலமாரியில் நிற்கும். வசனம் என்ற கன்னட பக்திக் கவிதைகளை எழுதிய பசவண்ணர், அக்கமகாதேவி முதலியவர்களை மொழிபெயர்த்த 1973ஆம் ஆண்டுப் புத்தகம் கன்னட அலமாரியில். யு.ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' நாவலை அவர் ஆங்கிலமாக்கியது 1976இல், அதுவும் கன்னடத்தில். அவரே கன்னடத்தில் எழுதிய கவிதைகளும் அங்கேதான். சொந்த ஆங்கிலக் கவிதைகள் வேறு வரிசையில். ஒரே மனிதர் மூன்று இடத்தில் நிற்கிறார், மூன்று இடத்திலும் விருந்தாளி மாதிரி இல்லாமல் வீட்டுக்காரராகவே நிற்கிறார். மைசூரில் 1929இல் பிறந்தவர். வீட்டின் கீழ்த்தளத்தில் அம்மாவோடு தமிழ், மாடியில் கணிதப் பேராசிரியரான அப்பாவோடு ஆங்கிலம், தெருவில் கன்னடம் என்று வளர்ந்ததை அவரே எழுதியிருக்கிறார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசியதால் அவருக்குச் சங்க இலக்கியம் தானாக வந்துவிடவில்லை. 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தள அலமாரிகளுக்கு நடுவே பழந்தமிழ் இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தேடிப்போனபோது, உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை கையில் கிடைத்தது என்கிறார். வாசித்து, வியந்து, அகராதியோடு மல்லுக்கட்டி, அப்புறம்தான் மொழிபெயர்ப்பு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உ.வே.சா. மேல்தான் பிரியம் கூடுகிறது. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்து, பாடபேதம் பார்த்து, அச்சுக்குக் கொடுத்த ஒரு பதிப்பு கடல் தாண்டிப் போய் ஒரு அடித்தளத்தில் காத்துக்கொண்டிருந்ததால்தான் ராமானுஜனுக்குக் குறுந்தொகை கிடைத்தது. தமிழ் அவரை உரிமை கொண்டாடலாம் என்றால் அது இந்த வழியாகத்தான், ஐயங்கார் வீட்டில் பிறந்தார் என்ற வழியாக இல்லை.

நூலக எண்ணே கடைசித் தீர்ப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த எண்ணுக்குள்ளேயும் ஒரு தேசத்தின் பெருமை உட்கார்ந்திருக்கிறது. 1876இல் தன் முறையை வெளியிட்ட மெல்வில் டூயி அமெரிக்கர். மொழிப்படி பார்த்தால் அமெரிக்க இலக்கியமும் ஆங்கில இலக்கியமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஆனால் அமெரிக்காவுக்கு 810 என்று தனியாக ஒன்று கிடைத்தது, இங்கிலாந்துக்கு 820. அயர்லாந்துக்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், ஆங்கிலத்தில் எழுதும் நம்மவர்கள் எல்லோரும் இங்கிலாந்தோடு 820க்குள். கனடா? அது அமெரிக்காவோடு 810க்குள் போய்விடுகிறது. 2013இல் இலக்கிய நோபல் வாங்கிய ஆலிஸ் மன்றோவுக்கு அமெரிக்கப் புனைகதைக்கு உள்ள அதே 813தான். கனடாக்காரர்கள் இதற்காக ஒரு புது முறையை உருவாக்கிப் போராடவில்லை. எண்ணுக்கு முன்னால் சி என்ற ஒரே ஒரு எழுத்தைப் போட்டுக்கொண்டார்கள். கனடாவில் அச்சான நாவலின் பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்தால், நூலகக் குறிப்பில் சி813 என்று சின்னதாக இருக்கும். கையில் அப்படி ஒரு புத்தகம் கிடைத்தால் பாருங்கள். தன்னடக்கமும் உரிமையும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரன் பெரியவன் என்று தெரியும், சண்டையும் போடவில்லை, நான் வேறு என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதே கனடாவுக்கு சால் பெல்லோ விஷயத்தில் ஒரு தயக்கம் உண்டு. மாண்ட்ரியல் பக்கத்தில் லஷீன் என்ற ஊரில் 1915இல் பிறந்தவர், ஒன்பது வயதில் குடும்பத்தோடு சிகாகோவுக்குப் போய்விட்டார், 1976இல் நோபல். பிறப்பை வைத்துப் பார்த்தால் கனடாவின் முதல் இலக்கிய நோபல் அவருடையது. ஆனால் மன்றோவுக்குப் பரிசு வந்தபோது, கனடாவில் வாழ்ந்து கனடாவை எழுதிய ஒருவருக்கு இப்போதுதான் முதல்முறை என்றுதான் பெரும்பாலும் பேசினார்கள். லஷீன் ஊர்க்காரர்கள் மட்டும் தங்கள் பொது நூலகத்துக்கு பெல்லோ பெயரை வைத்துக்கொண்டார்கள். நாடு தயங்கிய இடத்தில் ஊர் உரிமை கொண்டாடியது. இரண்டுமே சரி என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் ஒரு பையன் பிறந்து முதல் அடி வைத்த தெருக்கள் அந்த ஊருக்குச் சொந்தம்தானே.

சரி, அயர்லாந்து. நீங்கள் சொல்வது போல அவர்கள் கொண்டாடுகிறார்கள் என்பது உண்மை, ஆனால் இப்போது. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1904இல் டப்ளினை விட்டுப் போனார், நாடு சுதந்திரம் பெற்ற பிறகும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையே வைத்துக்கொண்டார், 1941இல் சூரிச்சில் செத்துப்போனார். உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று மனைவி விரும்பினார், ஐரிஷ் அரசு சம்மதிக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1993இல், அதே அரசு பத்து பவுண்டு நோட்டில் அவர் முகத்தை அச்சடித்தது. இன்று அந்த நாட்டுக் கடற்படையில் ஜாய்ஸ், பெக்கெட், யேட்ஸ், ஷா பெயர்களில் கப்பல்கள் ஓடுகின்றன. இதில் பெக்கெட் பாரிசில் வாழ்ந்து முக்கியமான படைப்புகளை பிரெஞ்சில் எழுதியவர். இங்கே ஒரு தவறான தகவலையும் திருத்திவிடுகிறேன், ஏனென்றால் தமிழ்க் கட்டுரைகளில் அடிக்கடி வருகிறது: ஜாய்ஸின் 'யுலிசிஸ்' அயர்லாந்தில் தடை செய்யப்பட்டது என்பார்கள். தடை இருந்தது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும். அயர்லாந்தின் தணிக்கை வாரியம் அதை முறைப்படி தடை செய்யவே இல்லை. கடைகளில் அது கிடைப்பது அரிதாக இருந்தது என்பது வேறு விஷயம்.

ஆனால் அயர்லாந்திடம் நான் மதிப்பது கப்பல் பெயரையோ நோட்டையோ இல்லை. 1969இல் அங்கே ஒரு சட்டத் திருத்தம் வந்தது, எழுத்தாளர்களும் கலைஞர்களும் தங்கள் படைப்பால் சம்பாதிப்பதற்கு வருமான வரி விலக்கு. பின்னாளில் அதற்கு உச்சவரம்பு வைத்தார்கள் என்றாலும் விலக்கு தொடர்கிறது. உயிரோடு இருக்கும்போது, புகழ் வருவதற்கு முன்னாலேயே, ஒரு நாடு தன் எழுத்தாளரிடம் நீ எங்கள் ஆள் என்று சொல்லும் முறை அது. செத்த பிறகு சிலை வைப்பதற்குச் செலவு கொஞ்சம், துணிச்சல் அதைவிடக் கொஞ்சம்.

எழுத்தாளரே வேண்டாம் என்று சொன்னாலும் உரிமை கொண்டாடலாமா? சீமஸ் ஹீனியை 1982இல் ஒரு பிரிட்டிஷ் கவிதைத் தொகுப்பில் சேர்த்தார்கள், அவர் பிறந்தது வட அயர்லாந்து என்பதால் சட்டப்படி தவறில்லை. அடுத்த ஆண்டே அவர் செய்யுளாகவே ஒரு கடிதம் எழுதி, என் பாஸ்போர்ட்டின் நிறம் பச்சை, அதாவது அது ஐரிஷ் பாஸ்போர்ட் என்று பணிவாகவும் தெளிவாகவும் மறுத்துவிட்டார். வி.எஸ். நைபால் இதற்கு நேர் எதிர்த் திசை. 2001இல் நோபல் அறிவித்தபோது தன் இல்லமான இங்கிலாந்துக்கும் மூதாதையரின் நாடான இந்தியாவுக்கும் இது பெருமை என்றார், பிறந்து வளர்ந்த டிரினிடாட் பெயர் அந்த அறிக்கையில் வரவில்லை. அங்கே பலருக்கு அது வலித்தது. நம் ஊர்ப் பொது அறிவுப் புத்தகங்கள் உடனே இந்தியாவின் நோபல் பட்டியலில் அவரைச் சேர்த்துக்கொண்டன, சில புத்தகங்கள் மும்பையில் பிறந்த கிப்ளிங்கைக்கூடச் சேர்க்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்து கேட்கும்போது இதைத் திருத்திச் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. அதேபோல, தாகூர் மூன்று நாடுகளின் தேசிய கீதத்தை எழுதினார் என்பார்கள். இந்தியா, வங்கதேசம் இரண்டும் உறுதி. இலங்கையின் கீதம் சாந்திநிகேதனில் படித்த ஆனந்த சமரக்கோன் எழுதி இசையமைத்தது, தாகூரின் கை அதில் எவ்வளவு என்பது சந்தேகத்துக்கு இடமானது. அந்த மூன்றாவதைப் பெருமையாகச் சொல்லாமல் விடுவது நல்லது.

இப்போது மாஸ்திக்கு வருகிறேன், உங்கள் கேள்வியின் நடு மையம் அவர்தான். கோலார் மாவட்டம் மாலூர் தாலூகாவில் மாஸ்தி பக்கத்துக் கிராமம் அவருக்கு, பிறந்தது 1891. ஒசூரிலிருந்து அந்தப் பக்கம் போனால் எல்லை எங்கே முடிகிறது என்றே தெரியாத நிலப்பகுதி அது, தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தையில் பேரம் பேசும். சென்னையில் ஆங்கில எம்.ஏ. படித்தார், மைசூர் அரசில் பெரிய அதிகாரியாக இருந்தார், 1943இல் வேலையை விட்டார், பெங்களூர் கவிபுரத்தில் வாழ்ந்தார், 1983இல் குடகின் கடைசி அரசனைப் பற்றிய 'சிக்கவீர ராஜேந்திரா' நாவலுக்கு ஞானபீடம், 1986இல் தன் பிறந்த நாளான ஜூன் 6ஆம் தேதியே மறைவு. கன்னடச் சிறுகதைக்கு அவரை ஆதி மனிதர் என்பார்கள். 'மாஸ்தி கன்னடத ஆஸ்தி' என்ற வாசகத்தை நீங்கள் இங்கே எங்காவது கேட்டிருப்பீர்கள், மாஸ்தி கன்னடத்தின் சொத்து என்று. கவனியுங்கள், அவருடைய வீட்டு மொழி தமிழ் என்பது கன்னட வாசகர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. தெரிந்துதான் அப்படிச் சொல்கிறார்கள். அதேபோல த.ரா. பேந்த்ரெயின் வீட்டு மொழி மராத்தி, 1973இல் ஞானபீடம். கிரீஷ் கார்னாட் கொங்கணி வீட்டுப் பிள்ளை, 1998இல் ஞானபீடம். தார்வாடில் போய் பேந்த்ரெ மராத்திக்காரர்தானே என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், ஆமாம், அதனாலென்ன என்பார்கள்.

கன்னடர்களிடம் உள்ள தன்னடக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் இந்த இடத்தில்தான் பார்க்கிறேன். ஞானபீட எண்ணிக்கையை அவர்களும் சொல்லிக்கொள்வார்கள், பேருந்து நிலையச் சுவரில்கூடப் படம் இருக்கும், அதில் அடக்கம் ஒன்றும் இல்லை. அடக்கம் இருப்பது வேறிடத்தில். வெளியிலிருந்து வந்த ஒருவர் தங்கள் மொழியை எடுத்து எழுதினால், எங்கள் மொழிக்கு அவர் கொடுத்தார் என்று நன்றியோடு வாங்கிக்கொள்கிறார்கள், வம்சாவளி விசாரிப்பதில்லை. பின்லாந்திலும் இதே மாதிரி நடந்தது. அந்த நாட்டின் தேசியக் கவி ரூனெபெர்க் ஃபின்னிஷ் மொழியில் எழுதவே இல்லை, ஸ்வீடிஷில் எழுதினார், ஆனாலும் ஒவ்வொரு பிப்ரவரி 5ஆம் தேதியும் அவருக்குக் கொடி ஏற்றுகிறார்கள். எல்லாக் கன்னடர்களும் எப்போதும் அப்படி இருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். 2025இல் ஹாசனைச் சேர்ந்த பானு முஷ்தாக் சர்வதேச புக்கர் பரிசு வாங்கினார், கன்னடத்துக்கு அதுவே முதல்முறை, அவர் வீட்டு மொழி உருது. மே மாதம் ஊரே கொண்டாடியது. செப்டம்பரில் மைசூர் தசராவைத் தொடங்கிவைக்க அரசு அவரை அழைத்ததும் எதிர்ப்புக் கிளம்பியது, உயர் நீதிமன்றமும் அப்புறம் உச்ச நீதிமன்றமும் மனுக்களைத் தள்ளுபடி செய்த பிறகு அவர் வந்து தொடங்கிவைத்தார். பரிசு கிடைத்தால் நம்மவர், மேடை ஏறினால் வேறு ஆள் என்று ஒரு பகுதியினர் நினைத்தார்கள். அரசு பின்வாங்காமல் நின்றது எனக்கு மகிழ்ச்சி.

நாராயண் கதையில் நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. சென்னையில் பிறந்து வாழ்நாளின் பெரும்பகுதியை மைசூரில் கழித்து ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவர். மைசூர் யாதவகிரியில் அவர் கட்டிய வீட்டை 2011இல் இடிக்க ஆரம்பித்தார்கள், பத்திரிகைகளில் சத்தம் வந்ததும் நிறுத்தினார்கள், அரசு வாங்கி நினைவகமாக்கப் போகிறது என்றதும் சில கன்னட எழுத்தாளர்கள் எதிர்த்தார்கள். கன்னடத்தில் ஒரு வரிகூட எழுதாதவருக்கு ஏன் கன்னடர் வரிப்பணம் என்பது அவர்கள் வாதம். நான் தமிழன் என்பதற்காக அதை அற்பமான வாதம் என்று தள்ளிவிட மாட்டேன். எத்தனையோ கன்னட எழுத்தாளர்களின் வீடு கவனிப்பாரில்லாமல் கிடக்கும்போது அந்தக் கோபம் வரும். இருந்தாலும் கடைசியில் வீடு நின்றது, 2016இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் யாரும் அந்த வீட்டைக் காப்பாற்றவில்லை, மைசூர்க்காரர்கள் காப்பாற்றினார்கள். அதற்கு முன்பே சங்கர் நாக் என்ற கன்னடக் கலைஞர் மால்குடிக் கதைகளை ஆகும்பேயில் வைத்துத் தொலைக்காட்சித் தொடராக எடுத்து, கற்பனை ஊரை மலைநாட்டு மண்ணில் நிஜமாக்கிவிட்டார். சிவமொக்கா மாவட்டத்து அரசாளு ரயில் நிலையத்தில் இன்று மால்குடி பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. நாராயண் மைசூருக்குச் சொந்தம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, தமிழுக்குச் சொந்தம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதில் ஒரு பழைய காயமும் உண்டு, அதையும் பேசிவிடுவோம். அல்சூர் ஏரிப் பக்கம் 1991இல் வைத்த திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே இருந்தது. திறப்பு 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி, நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. அந்த 18 ஆண்டுகளில் இங்கே வளர்ந்தவர்களுக்கு எழுத்தாளரை உரிமை கொண்டாடுவது என்றாலே ஒரு பதற்றம் வரும். அதனால்தான் மாஸ்தியை நம்மவர் என்று சொல்லலாமா என்ற கேள்வியைச் சிலர் பழி தீர்க்கும் தொனியில் கேட்கிறார்கள். நீங்கள் அப்படிக் கேட்கவில்லை என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. ஆனால் சிலை விவகாரம் தீர்ந்தது பரிமாற்றத்தால். சர்வக்ஞரை அயனாவரத்தில் எத்தனை பேர் வாசித்தார்கள், வள்ளுவரைக் கன்னடத்தில் இங்கே எத்தனை பேர் தேடினார்கள் என்று கேட்டால் அந்தப் பரிமாற்றம் பாதியில் நிற்பது தெரியும்.

தமிழர்களாகிய நமக்கு உரிமை கொண்டாடத் தெரியாது என்பதையும் நான் ஏற்கவில்லை. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புகளின் உரிமையை வாங்கி, பின்னர் எல்லோருக்கும் பொதுவாக்கியது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதனால்தான் பாரதி கவிதைகள் மலிவு விலையில் ஒவ்வொரு புத்தகக் கண்காட்சியிலும் குவிந்து கிடக்கின்றன. அதன்பின் எத்தனையோ எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கி, குடும்பத்துக்குப் பணமும் கொடுத்திருக்கிறார்கள். வேறு மாநிலத்து நூலக நண்பர்களிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். நூலகர் என்ற முறையில் சொல்கிறேன், எழுத்தாளரைச் சொந்தமாக்கிக்கொள்ள இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் அதே தமிழ்நாட்டில்தான் 2015 ஜனவரியில் பெருமாள்முருகன், 'மாதொருபாகன்' நாவலுக்குக் கிளம்பிய எதிர்ப்பால், தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தீர்ப்புச் சொன்னது. 2023இல் 'பூக்குழி'யின் ஆங்கிலப் பதிப்பு சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் வந்தபோது, தமிழுக்குப் பெருமை என்று எல்லாப் பக்கமும் எழுதினார்கள். 2015இல் அவரோடு நின்றவர்களுக்கு அந்த மகிழ்ச்சி முழுமையாகச் சொந்தம். மற்றவர்களுக்கு எவ்வளவு என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும். ராமானுஜனுக்கும் இதுதான் நடந்தது, நாடு 1976இல் பத்மஸ்ரீ கொடுத்தது, அவர் இறந்து பல ஆண்டு கழித்து, 2011இல், ராமாயணங்கள் பலவாக இருப்பதைப் பற்றிய அவருடைய கட்டுரையை டெல்லிப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஆகவே உங்களுக்கு என் பதில். மாஸ்தியைத் தமிழ் எழுத்தாளர் என்று சொல்லாமல் இருப்பது அடக்கமும் இல்லை, ஏமாளித்தனமும் இல்லை, அதுதான் சரியான தகவல். அவர் கன்னட எழுத்தாளர், நம் வீட்டு மொழியைத் தெரிந்தவர். நம்மிடம் குறை இருப்பது வேறிடத்தில்: பெங்களூரில் தலைமுறைகளாக வாழ்ந்தும் அவரை வாசிக்காமல் இருப்பதில். அவருடைய ஆரம்பக் கதைகளில் ஒன்று ரங்கப்பன் என்ற பையனின் கல்யாணத்தைப் பற்றியது, அதன் ஆங்கில வடிவம் மத்தியப் பாடத்திட்டத்தின் 11ஆம் வகுப்புத் துணைப்பாடத்தில் பல ஆண்டுகள் இருந்தது. கதை சொல்கிறவர் தன் ஹொசஹள்ளியைப் பற்றிப் பேசித்தான் தொடங்குகிறார். எங்கள் ஊர் உங்களுக்குத் தெரியாதா, அது உங்கள் தப்பில்லை, எந்தப் பூகோளப் புத்தகத்திலும் இல்லை, இங்கிலீஷில் எழுதும் வெள்ளைக்காரர்களுக்குத் தெரியாது, நம் ஆட்களும் மறந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, மைசூர் ராஜ்யத்துக்கு ஹொசஹள்ளி, விருந்துக்குக் கரிகடுபு என்ற இனிப்பு மாதிரி என்று ஒரு போடு போடுகிறார். ஊர்ப் பெருமை முழுவதும் அதில் இருக்கிறது, அடுத்த ஊரை மட்டம் தட்டுவது ஒரு சொல்கூட இல்லை. கன்னட எழுத்து கற்றுக்கொள்ளத் தமிழருக்கு அதிக நாள் ஆகாது, மாஸ்தியின் வாக்கியங்கள் பேச்சுக்குப் பக்கத்திலேயே நிற்பவை, முதல் வாசிப்புக்கு அவரே போதும். கன்னடம் வரும்வரை தமிழ் மொழிபெயர்ப்பில் 'சிக்கவீர ராஜேந்திரன்' இருக்கிறது. ராமானுஜனுக்கு வேறு வழி சொல்வேன்: உ.வே.சா. பதிப்புக் குறுந்தொகையையும் அவருடைய ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு வாரத்துக்கு ஒரு பாட்டு.

ஒரு நடைமுறை விஷயமும் உண்டு. நீங்கள் எந்த நூலகத்தில் உறுப்பினர் ஆனாலும் அங்கே வாசகர் பரிந்துரைக்கு ஒரு பதிவேடு இருக்கும், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கன்னடத்திலிருந்து தமிழுக்கு வந்தவை, தமிழிலிருந்து கன்னடத்துக்குப் போனவை இரண்டையும் அதில் எழுதிவையுங்கள். வாங்கிய பிறகு எடுத்துக்கொண்டு போய் வாசித்துத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த ஆண்டுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்க உட்காரும்போது நாங்கள் புரட்டிப் பார்ப்பது கடைசிப் பக்கத்தில் எத்தனை தேதி முத்திரை விழுந்திருக்கிறது என்பதைத்தான்.